பெட்டி கப்பலுக்கு, மூட்டை பிள்ளைக்கு

மாலை ஏழு மணி. நடையில் இருந்த எல்லாக் கதவுக்கு முன்னாலும் பெட்டிகள் வந்து சேர்ந்துவிட்டன. எங்கள் கதவுக்கு முன்னால் அப்பாவின் சின்னப் பெட்டி மட்டும் இருந்தது. பாப்பாவின் துணியும் டயப்பரும் போர்வையும் வைத்திருந்த பெரிய பெட்டியைக் காணோம். கப்பல் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. வரவேற்பு மேசைக்குப் போய்க் கேட்டேன். பெட்டிக்குள் மின்சாரக் கெட்டில் இருப்பது ஸ்கேனரில் தெரிந்திருக்கிறது, அதனால் பாதுகாப்புப் பிரிவில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், நான் நேரில் வந்து திறந்து காட்ட வேண்டும் என்றார்கள். கீழ்த்தளத்தில் ஒரு அறை. அங்கே எனக்கு முன்னால் பதினைந்து பேர் நின்றார்கள். பாதிப்பேர் கையில் இஸ்திரிப் பெட்டி, கெட்டில், எக்ஸ்டென்ஷன் வயர்.

கெட்டிலை நான் பால் காய்ச்ச எடுத்து வைத்திருந்தேன். இரண்டரை வயதுப் பிள்ளைக்கு ராத்திரி ஒரு டம்ளர் சூடான பால் இல்லாமல் தூக்கம் வராது. வீட்டில் செய்வதை அப்படியே கப்பலிலும் செய்யலாம் என்று நினைத்துவிட்டேன்.

அந்த வரிசையில் நின்றபோது அப்பாயி நினைவுக்கு வந்தார். அப்பாவின் அம்மா. 1957-இல் அவர் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போனவர். மடியில் மூன்று வயது அப்பா. தாத்தா அப்போது பினாங்குத் தெருவில் ஒரு துணிக்கடையில் கணக்குப்பிள்ளை. அந்தப் பயணத்தை அப்பாயி எங்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் முடிவில் இந்த வாக்கியம் வரும்: “பெட்டி கப்பலுக்கு, மூட்டை பிள்ளைக்கு.” டிரங்குப் பெட்டி அடித்தளத்துக்குப் போய்விடும். இறங்கும் வரைக்கும் அதைக் கண்ணால் பார்க்க முடியாது. பிள்ளைக்கு வேண்டியது எல்லாம் தலைக்கு வைத்துப் படுக்கிற துணிமூட்டையில் இருக்க வேண்டும். டெக் பயணிகள் பாய் விரித்துப் படுத்த காலத்துப் பாடம் இது. ஏழு உணவகமும் மூன்று நீச்சல் குளமும் இருக்கிற கப்பலில் நான் அதை மறந்துவிட்டேன்.

நல்லவேளை, பாதி மறக்கவில்லை. தோளில் ஒரு பை வைத்திருந்தேன். அதில் ஐந்து டயப்பர், இரண்டு மாற்றுடுப்பு, பால் பவுடர், பாப்பா கட்டிப்பிடித்துத் தூங்கும் பழைய யானைப் பொம்மை, காய்ச்சல் மருந்து. அந்தப் பைதான் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது. சின்னப் பிள்ளையோடு க்ரூஸ் போகிறோம், என்ன எடுத்து வைக்கலாம் என்று கேட்கிற எல்லோருக்கும் நான் இப்போது முதலில் சொல்வது அந்தத் தோள்பையைத்தான். துறைமுகத்தில் பெட்டியைக் கொடுத்த நிமிடத்திலிருந்து அது அறைக்கு வர ஆறு மணி நேரம்கூட ஆகலாம். அந்த ஆறு மணி நேரத்துக்குள் பிள்ளை சாப்பிடும், சிந்தும், நனையும், தூங்கும், ஒருமுறையாவது அழும். அத்தனைக்கும் வேண்டியது உங்கள் தோளில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டும் மருந்தும் பெட்டிக்குள் போகவே கூடாது. நீச்சலுடையும் தோள்பையில் இருக்கட்டும், ஏறியவுடன் பிள்ளை தண்ணீரைப் பார்த்துவிடும்.

பயணம் முதலில் எப்படி முடிவானது என்று சொல்ல வேண்டும். அப்பா ஊரிலிருந்து இரண்டு மாதம் எங்களோடு இருக்கச் சிங்கப்பூரில் நாங்கள் குடியிருக்கும் ஈசூனுக்கு வந்திருந்தார். 71 வயது. பினாங்கைப் பார்க்க வேண்டும் என்று அவர் வாய்விட்டுக் கேட்டதில்லை. ஆனால் தொலைக்காட்சியில் பினாங்கு வந்தால் சத்தத்தைக் கூட்டி வைப்பார். விமானத்தில் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். “கப்பல்ல போகலாமாப்பா?” என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் காபி குடித்துக்கொண்டே, “பாப்பாவுக்கு ஒத்துக்குமாம்மா?” என்றார். அதுதான் சம்மதம்.

மூன்று இரவுப் பயணம். சிங்கப்பூரில் மாலை கிளம்பி, மறுநாள் பிற்பகல் பினாங்கு, இரவு அங்கிருந்து கிளம்பி, மூன்றாம் நாள் முழுக்கக் கடலில், நான்காம் நாள் காலை சிங்கப்பூர். சின்னப் பிள்ளையோடு முதல்முறை போகிறவர்களுக்கு மூன்று இரவு போதும் என்பது என் அபிப்பிராயம். அதற்கு மேல் போனால் பிள்ளைக்கு அல்ல, பெரியவர்களுக்குத்தான் தூக்கம் கெடும்.

முன்பதிவு செய்யும்போது இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, பிள்ளை எவ்வளவு சின்னதானாலும் கப்பலில் அது ஒரு முழுப் பயணி. மடியில்தான் உட்காரும் என்று சொல்லிக் கணக்கில் சேர்க்காமல் விட முடியாது, உயிர்காப்புப் படகில் அதற்கும் ஓர் இடம் வேண்டும். பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையை ஏற்றுவதே இல்லை. தொடர்ந்து பல நாள் கடலிலேயே இருக்கும் நீண்ட பயணம் என்றால் ஒரு வயது ஆகியிருக்க வேண்டும் என்பார்கள். நடுக்கடலில் கைக்குழந்தைக்கு உடம்புக்கு வந்தால் அங்கே குழந்தை மருத்துவர் கிடையாது என்பதை யோசித்தால் அந்த விதி நியாயம் என்று புரியும். இரண்டாவது, விசா. கப்பல் சிங்கப்பூரை விட்டுப் போனால் நாட்டை விட்டுப் போனதாகவே கணக்கு. திரும்பி வரும்போது மறுபடி உள்ளே நுழைகிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அவர்களுடைய விசா பலமுறை நுழைவுக்கானதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

அறை எடுக்கும்போது கணவர் பால்கனி வேண்டும் என்றார். நான் வேண்டாம் என்றேன். பால்கனிக் கம்பி உயரமாகத்தான் இருக்கும், கதவில் உயரத்தில் ஒரு தாழ்ப்பாளும் இருக்கும், எல்லாம் தெரியும். ஆனால் அங்கே நாற்காலியும் இருக்கும். எங்கள் வீட்டில் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி அலமாரியைத் திறக்கும் பிள்ளை இருக்கிறது. திறக்க முடியாத பெரிய கண்ணாடி ஜன்னல் உள்ள அறையை எடுத்தோம். அந்த ஜன்னலுக்குக் கீழே அகலமான மேடை. பாப்பா மூன்று நாளும் அதிலேதான் உட்கார்ந்திருந்தாள். கப்பல் போகிறது என்பது அவளுக்கு அங்கேதான் புரிந்தது. “தண்ணி ஓடுது” என்றாள். கப்பல் நிற்கிறது, தண்ணீர்தான் ஓடுகிறது என்று அவள் எண்ணம்.

அறை கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஒன்றில் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். ஊஞ்சல் பலகை மாதிரிதான். முனைகள் எழும்பித் தாழும், நடு அதிகம் அசையாது. மலாக்கா நீரிணை பொதுவாக அமைதியான கடல், இரண்டு பக்கமும் நிலம். இருந்தாலும் கிளம்பும் முன் குழந்தை மருத்துவரிடம் கேட்டேன். இரண்டு வயதுக்குக் கீழே கடல்மயக்கம் அபூர்வம், அதன் பிறகு பன்னிரண்டு வயதுவரைக்கும்தான் அதிகம் வரும் என்றார். எங்கள் பாப்பா அந்த இரண்டு வயது எல்லையைத் தாண்டியிருந்தாள். சின்னப் பிள்ளைக்குக் குமட்டுகிறது என்று சொல்லத் தெரியாது. கொட்டாவி விடும், முகம் வெளுக்கும், விளையாட்டை நிறுத்திவிட்டுச் சும்மா உட்காரும். அப்போதே மேல்தளத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காற்றும் தொடுவானமும் காட்ட வேண்டும். அவருடைய சீட்டில் எழுதிய மருந்தை, பாப்பாவின் எடைக்கு எத்தனை மில்லி என்று மருந்துப் புட்டியிலேயே எழுதி ஒட்டி எடுத்துக்கொண்டேன். காய்ச்சல் மருந்துக்கும் அப்படியே. நள்ளிரவில் கண்ணைக் கசக்கிக்கொண்டு கணக்குப் போடக் கூடாது. கூடவே தெர்மாமீட்டரும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நான்கும். மருந்து ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. அப்பாயியின் மூட்டையில் சுக்கும் ஓமத்தண்ணீரும் நார்த்தங்காய் ஊறுகாயும் இருந்ததாம். அவருக்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அடுத்த பாயில் படுத்திருந்தவர்களுக்கு ஊறுகாய் கொடுத்துக் கொடுத்தே ஜாடி காலியாகிவிட்டது என்பார்.

துறைமுகத்துக்கு நாங்கள் டாக்சி எடுக்கவில்லை. ஈசூனில் ரயில் ஏறினால் அதே பாதையின் கடைசி நிறுத்தம் மரினா சவுத் பியர். அங்கிருந்து 2012-இல் திறந்த மரினா பே க்ரூஸ் சென்டர் பக்கம்தான். அப்பாவுக்கு இதுதான் பெரிய ஆச்சரியம். ரயிலில் போய் இறங்கி, விமான நிலையம் மாதிரி ஒரு கட்டடத்துக்குள் நுழைந்து, குளிரூட்டிய பாலத்தில் நடந்து கப்பலுக்குள் போவது. “நாகப்பட்டினத்துல படகுல ஏறி, தூரத்துல நிக்கிற கப்பலுக்குப் போவோமாம்” என்றார். அங்கே கப்பல் கரைக்கு வராது, கடலில் தள்ளித்தான் நங்கூரம் போடும். படகு ஆட, கப்பலும் ஆட, ஏணியில் ஏறும்போது அப்பாயி பிள்ளையை முன்பக்கம் சேலையால் இறுகக் கட்டிக்கொண்டார். இரண்டு கையும் ஏணிக்கு வேண்டும் அல்லவா.

அந்தச் சேலை இல்லை, ஆனால் அப்பாயியின் வேறொரு பழைய பருத்திச் சேலை என்னிடம் இருக்கிறது. துவைத்துத் துவைத்துத் துணியே பூப்போல ஆகிவிட்டது. அதைத் தோள்பையில் வைத்துக்கொண்டேன். நான் எடுத்துப் போனதிலேயே அதிகம் பயன்பட்ட பொருள் அதுதான். கப்பல் அறை சின்னது. பிள்ளை எட்டு மணிக்குத் தூங்கினால் நான்கு பேரும் எட்டு மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும். முன்கூட்டியே சொல்லி வைத்ததால் ஒரு மடக்குக் கட்டில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். கப்பலின் சுவர் இரும்பு, காந்தம் ஒட்டும். காந்தக் கொக்கி ஆறு வாங்கிப் போயிருந்தேன். கட்டிலைச் சுற்றி அந்தச் சேலையைத் திரையாகத் தொங்கவிட்டேன், தலைமாட்டில் மட்டும் காற்றுக்கு நிறைய இடம் விட்டு, பிள்ளையின் கைக்கு எட்டாத தூரத்தில். இந்தப் பக்கம் சின்ன விளக்கில் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கம் அவள் தூங்கினாள். பகலில் அதே சேலை ஸ்ட்ரோலருக்கு நிழல், மேல்தளத்தில் விரிப்பு, குளிரூட்டி அதிகமான உணவகத்தில் போர்வை. கப்பலுக்குள் குளிர் கொஞ்சம் அதிகம்தான். பிள்ளைக்கு ஒரு கம்பளிச் சட்டையாவது வேண்டும்.

கெட்டிலுக்கு வருகிறேன். சூடாக்கும் கம்பி உள்ள எதையும் அறையில் வைக்கக் கூடாது என்பது கப்பல்களில் பொது விதி. கடலில் தீயைவிடப் பெரிய ஆபத்து கிடையாது. ஓடி வெளியே நிற்க இடம் இல்லை. எக்ஸ்டென்ஷன் வயரில் மின்னழுத்தப் பாதுகாப்பு இருந்தால் அதுவும் கூடாது. கப்பலின் மின்னமைப்பு வீட்டு மின்னமைப்பு மாதிரி எர்த் செய்யப்பட்டது அல்ல, அங்கே அந்தக் கருவியே தீப்பிடிக்கக் காரணமாகலாம். ரஜூலாவுக்குப் பிறகு நம் ஆட்கள் ஏறிய எம்.வி. சிதம்பரம் கப்பலின் கதை 1985-இல் தீயில்தான் முடிந்தது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடந்த பயணிகள் போக்குவரத்தே அதோடு நின்றுபோனது. அப்பா இதை எனக்குச் சொன்னது, நான் அந்த வரிசையில் நின்று திரும்பி வந்த பிறகு. விதி தெரியாமல் போனது என் தவறு, இனி எந்தக் கப்பல் ஏறினாலும் தடைப்பட்டியலை முதல் வரியிலிருந்து படிப்பேன். பாலுக்கு என்ன செய்தேன் என்றால், உணவகத்தில் கேட்டேன். சூடான பாலை ஃபிளாஸ்க்கில் ஊற்றிக் கொடுத்தார்கள். அவ்வளவுதான் வேலை. ஒரு நல்ல ஃபிளாஸ்க் கெட்டிலின் இடத்தை எடுத்துக்கொள்ளும்.

சாப்பாட்டைப் பற்றி அம்மாக்கள் அதிகம் கவலைப்படுகிறார்கள். வீட்டில் சமைத்ததைக் கொண்டுபோக விடமாட்டார்கள். பிரிக்காத பிஸ்கட்டும் குழந்தை உணவும் கொண்டுபோகலாம். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல், இந்தியக் குடும்பங்கள் நிறைய. பஃபேயில் பருப்பும் சோறும் ரொட்டியும் இருந்தன. முதல் நாள் இரவே பரிமாறுகிறவரிடம் சொல்லிவிட்டேன்: பிள்ளைக்குக் காரமில்லாத வெறும் சோறு, தயிர், ஒரு வேகவைத்த கேரட். மறுநாளிலிருந்து நாங்கள் உட்காரும் முன்பே அது மேசைக்கு வந்தது. அப்பாவும் அதையே கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தாத்தாவும் பேத்தியும் எதிரெதிரே உட்கார்ந்து தயிர்சோறு சாப்பிட, ஜன்னலுக்கு வெளியே சுமத்ராப் பக்கம் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. உணவக வாசலில் கிருமிநாசினி வைத்திருப்பார்கள். ஆனால் கப்பல்களில் வயிற்றுப்போக்கும் வாந்தியும் பரப்பும் நோரோ வைரஸ் அதற்கு அவ்வளவாக மசியாது, சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் அதற்குச் சரி. இரண்டரை வயதுப் பிள்ளை படிக்கட்டுக் கம்பி, லிஃப்ட் பொத்தான், நாற்காலிக் கால் எல்லாவற்றையும் தொட்டுவிட்டு விரலை வாயில் வைக்கும். ஈரத்துணித்தாள் பொட்டலம் ஒன்று எப்போதும் என் கையில் இருந்தது.

இப்போது எனக்கு மிக முக்கியமானதைச் சொல்கிறேன். ஏறியதும் எல்லோரும் பாதுகாப்புப் பயிற்சியை முடிக்க வேண்டும். காணொளி பார்த்து, அவசர காலத்தில் கூட வேண்டிய இடத்துக்குப் போய் அட்டையைக் காட்டிவிட்டு வருவது. இருபது நிமிடம்கூட ஆகாது. நிறைய பேர் இதை வேண்டாத சடங்காக முடித்துவிட்டுக் குளத்துக்கு ஓடுகிறார்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவுக்குப் பக்கத்தில் கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்றைக்கு ஏறியவர்களுக்கு இன்னும் பயிற்சியே கொடுக்கப்படவில்லை, ஏறி 24 மணி நேரத்துக்குள் கொடுத்தால் போதும் என்பதுதான் அன்றைய விதி. அதன் பிறகுதான் கப்பல் கிளம்பும் முன்பே, அல்லது கிளம்பிய உடனே, பயிற்சி முடிய வேண்டும் என்று மாற்றினார்கள்.

குழந்தைக்கு லைஃப் ஜாக்கெட் எங்கே என்று கேட்டேன். அறையைக் கவனிக்கும் தம்பி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். சின்னதாகத்தான் இருந்தது. அதிலே அச்சடித்திருந்ததைப் படித்தேன்: 15 கிலோ முதல் 43 கிலோ வரை. பாப்பா 12 கிலோ. சர்வதேச விதியில் மூன்று அளவு இருக்கிறது. 15 கிலோவுக்குக் கீழே கைக்குழந்தை அளவு, 43 கிலோ வரைக்கும் சிறுவர் அளவு, அதற்கு மேல் பெரியவர்கள். 24 மணி நேரமோ அதற்கு மேலோ போகும் பயணிகள் கப்பலில், ஏறியிருக்கும் ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் அதன் அளவில் ஒன்று இருந்தே ஆக வேண்டும். மாற்றிக் கேட்டேன், முகம் சுளிக்காமல் பத்து நிமிடத்தில் கொண்டுவந்தார். போட்டுப் பார்த்து, வார்களை இழுத்துச் சரிசெய்து, கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்தேன். தயவுசெய்து நீங்களும் கேளுங்கள். நடக்கிற பிள்ளைதானே என்று பெரிய அளவைக் கொடுத்துவிடுவார்கள். பெரிய ஜாக்கெட் தண்ணீரில் பிள்ளையின் தலைக்கு மேலே நழுவிப் போகும். ஜாக்கெட்டில் இருக்கும் எடையைப் படிக்க ஒரு நிமிடம் ஆகாது.

அறைக்குள்ளும் இரண்டு இடம் பார்க்க வேண்டும். கதவு கனமானது, தானாகவே மூடிக்கொள்ளும், பிஞ்சு விரல் மாட்டினால் அவ்வளவுதான். திறந்திருக்கும்போதெல்லாம் கைப்பிடியில் ஒரு துண்டைச் சுற்றி வைத்தோம். குளியலறை வாசலில் தண்ணீர் வெளியே வராமலிருக்க ஒரு மேடு உண்டு. அதிலே அப்பாவே முதல் நாள் தடுக்கினார். வெள்ளைத் துண்டை மடித்துப் போட்டு அடையாளம் வைத்தேன். உள்ளே தொட்டி கிடையாது, நின்று குளிக்கிற சிறிய இடம். பிளாஸ்டிக் மக்கு ஒன்றும் காற்றடிக்கும் சின்னத் தொட்டி ஒன்றும் கொண்டுபோனது நல்லதாயிற்று. ஏனென்றால் பெரிய குளத்தில் டயப்பர் போட்ட பிள்ளைகளை இறக்கவே கூடாது, நீச்சல் டயப்பராக இருந்தாலும் சரி. பாப்பா குளத்தைக் காட்டி அழுதாள். அவளைத் தூக்கிக்கொண்டு அறைக்கு வந்து தொட்டியில் உட்காரவைத்து மக்கில் தண்ணீர் ஊற்றினேன். கழிப்பறைப் பழக்கம் வந்த மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு விளையாட்டுக் கூடம் உண்டு. ஆறு மாதம் பொறுத்துப் போயிருந்தால் அவளுக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும். ஆனால் அப்பாவைப் பொறுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கிளம்பும்போது கப்பல் ஊதும் சங்கு சிறிய சத்தம் அல்ல. மேல்தளத்தில் நின்றால் நெஞ்சுக்குள் அதிரும். பாப்பா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறினாள். காதை மூடும் சின்ன மஃப் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அந்த நேரம் உள்ளே இருங்கள். கிளம்பியதும் கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். நடுக்கடலில் அது கப்பலின் சிக்னலைப் பிடித்துக்கொண்டால் எக்கச்சக்கமாகப் பணம் போய்விடும். பாட்டும் கதையும் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பூர் மூன்றுகால் பிளக் எங்கள் அறையில் நுழையவில்லை. அடாப்டர் ஒன்று போதும்.

மறுநாள் பிற்பகல் பினாங்கு. ஸ்வெட்டன்ஹம் துறையில் கப்பல் நேராகக் கட்டப்பட்டது. இறங்கியதும் ஜார்ஜ் டவுன். எதிரே கார்ன்வாலிஸ் கோட்டை, அதற்குப் பக்கத்தில் வெள்ளை மணிக்கூண்டு. விக்டோரியா மகாராணி அரியணை ஏறி 60 ஆண்டு ஆனதற்கு ஆண்டுக்கு ஓர் அடியாக 60 அடி உயரம் கட்டியது. கொளுத்தும் வெயில். நாங்கள் சுற்றுலாப் பேருந்து எதுவும் எடுக்கவில்லை. பிள்ளையோடு துறைமுகத்தில் இறங்கினால் ஓர் இடம், அதிகம் போனால் இரண்டு. அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

அப்பா ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தார். பத்து நிமிடத்தில் லிட்டில் இந்தியா வந்துவிட்டது. பினாங்குத் தெருவின் பெயர்ப் பலகையைப் பார்த்ததும் நின்றார். தாத்தாவின் கடை எது என்று அவருக்குத் தெரியாது. அவர்கள் ஊர் திரும்பியபோது அவருக்கு ஒன்பது வயது. மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். 1833-இல் கட்டிய கோயில், குயின் தெருவில். கோயில் வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா பாப்பாவைப் பார்த்து, “எந்த ஊரும்மா?” என்று கேட்டார். நான் சிங்கப்பூர் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா அதற்குள், “நாகப்பட்டினம்” என்றார். அந்த அம்மா ஒரு முழம் மல்லிகை கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

சூலியா தெருவுக்குத் திரும்பினோம். அங்கே நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு சின்ன தர்கா இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் கடற்கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியது. வெள்ளைச் சுவரைப் பார்த்த உடனே அப்பாவின் முகம் மாறியது. “இங்க வந்திருக்கேன்” என்றார். “அம்மா வியாழக்கிழமை கூட்டிட்டு வருவாங்க. நாகூருக்குப் போகணும்னு அழுவாங்க, இங்க வந்தா அழமாட்டாங்க.” அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் வீட்டில் யாருக்கும் இது தெரியாது, அவருக்கே அந்தச் சுவரைப் பார்க்கும்வரை தெரியாது. வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். பாப்பா ஸ்ட்ரோலரிலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய செருப்பைக் கழற்றிப் போட்டு விளையாடினாள். நாங்கள் அவசரப்படுத்தவில்லை. நான் பார்க்க நினைத்திருந்த ஓவியத் தெருவை அப்படியே விட்டுவிட்டேன். இளநீர் வாங்கி வந்தார் கணவர். நான்கு பேரும் அந்த நிழலில் குடித்தோம்.

இரவு கப்பல் கிளம்பியபோது பாப்பா தூங்கியிருந்தாள். கணவரை அறையில் விட்டுவிட்டு அப்பாவோடு மேல்தளத்துக்குப் போனேன். பினாங்குப் பாலத்தின் விளக்குகள் தூரத்தில் தெரிந்தன. ரஜூலாவில் வந்தது ஏதாவது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். இத்தனை வருஷம் இல்லை இல்லை என்றே சொல்லி வந்தவர். “ஒண்ணு இருக்கு” என்றார். “இடுப்புல முடிச்சு. அம்மா சேலை முந்தானையை என் இடுப்புல கட்டி, இன்னொரு முனையை அவங்க இடுப்புல சொருகியிருந்தாங்க. நான் ஓடினா முடிச்சு இழுக்கும். அவிழ்க்கத் தெரியாது. அந்த முடிச்சத் தடவித் தடவிப் பார்ப்பேன்.” டெக்கில் நூற்றுக்கணக்கான பேர் படுத்திருக்க, அந்தப் பக்கம் கம்பி, கம்பிக்கு அப்பால் கடல். ராத்திரி முழுக்க அப்பாயி தூங்கியிருக்க மாட்டார். நான் ஜன்னல் அறை எடுத்ததற்கும் அவர் முந்தானையை முடிந்ததற்கும் காரணம் ஒன்றுதான் என்று அப்போது நினைத்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் கடலிலேயே. எதுவும் செய்யாமல் இருப்பதுதான் அன்றைய வேலை. காலையில் கூட்டம் இல்லாத நேரத்தில் தளத்தைச் சுற்றி நடந்தோம், மதியம் அவள் தூங்கினாள், மாலையில் அவள் ஜன்னல் மேடையில் கப்பல்களை எண்ணினாள். மலாக்கா நீரிணை உலகத்திலேயே கப்பல் நெருக்கம் மிகுந்த கடல்வழிகளில் ஒன்று, எண்ணுவதற்குப் பஞ்சமே இல்லை. அவளுக்கு ஐந்துக்கு மேல் எண்ண வராது. ஐந்து வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

கடைசி இரவு ஒரு விஷயம் மறக்கக் கூடாது. பெட்டிகளை இரவே கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் காலை கரையில்தான் திரும்பக் கிடைக்கும். அன்றைக்கு முழுவதையும் கட்டி அனுப்பிவிட்டுப் பிள்ளைக்கு மாற்றுடுப்பு இல்லாமல் நின்ற ஒரு குடும்பத்தைக் காலையில் வரிசையில் பார்த்தேன். என்னிடம் இருந்த ஒரு கவுனைக் கொடுத்தேன். எங்கள் தோள்பையை அப்பாவே அடுக்கியிருந்தார். டயப்பர் நான்கு, உடுப்பு இரண்டு, பால், மருந்து, யானை. சேலையை மட்டும் பைக்குள் வைக்கவில்லை.

குடிநுழைவு வரிசை நீளமாக இருந்தது. பாப்பாவுக்கு ஸ்ட்ரோலரில் உட்காரப் பிடிக்கவில்லை, ஓடப் பார்த்தாள். அப்பா சேலையைக் கயிறாக முறுக்கி ஒரு முனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். மறு முனையை அவளிடம் நீட்டினார். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவரை இழுத்தபடி முன்னால் நடந்தாள்.